சும்மா கிடந்தே சாகும் பேட்டரி

சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டதும் பரணில் கிடக்கும் பேட்டரி தெளிப்பானை இறக்குகிறோம். இரவெல்லாம் சார்ஜ் போட்டும், நான்கு டேங்க் அடிப்பதற்குள் மோட்டார் தளர்ந்துவிடுகிறது. மருந்து அடிக்க வந்தவர் வரப்பில் காத்திருக்கிறார், புழு காத்திருப்பதில்லை. 'மட்டமான பேட்டரி' என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, அதே ரகத்தையே மறுபடி வாங்கி வருகிறோம்.

முதுகில் மாட்டும் தெளிப்பான்களில் பரவலாக வருவது 12 வோல்ட், 8 ஏஎச் லெட்-ஆசிட் பேட்டரி. பிரான்சில் 1859-ல் காஸ்டோன் பிளாண்டே உருவாக்கிய பேட்டரியின் வழிவந்ததுதான் இது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால், சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு திரும்பாது.

சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டமும் பயிர் வைப்பவரிடம்கூட, தெளிப்பான் உழைக்கும் நாட்களைவிடச் சும்மா கிடக்கும் நாட்களே அதிகம். எனவே, ஓய்வுக் காலத்தை எப்படித் தாங்கும் என்று பார்த்தே பேட்டரியைத் தேர்வு செய்யுங்கள்.

லெட்-ஆசிட்தான் கட்டுப்படியாகும் என்றால், வேலை முடிந்த அன்றே முழுதாகச் சார்ஜ் ஏற்றி வையுங்கள். பயன்படுத்தாத காலத்திலும் மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்தது அங்கேயே பாதி உயிரை விட்டிருக்கும்.

கூடுதலாகச் செலவிட முடிந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நல்லது. எடை பாதிக்கும் குறைவு, முதுகு தப்பிக்கும். லெட்-ஆசிட் சில நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்குவதைத் தாங்கும் என்றால், இது 2,000 முறை வரை தாங்கும். இதற்கு உரிய சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்; பழைய லெட்-ஆசிட் சார்ஜரைச் செருகக் கூடாது. பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஓய்வுக் காலத்தில் பாதி சார்ஜில் நிழலில் வைத்தால் போதும். வெயிலில் சுட்ட பேட்டரியை ஆறவிட்ட பிறகே சார்ஜ் போடுங்கள்.

இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது எடுத்துச் செல்லும் டார்ச்சிலும் ஏமாற்று உண்டு. அதில் போடும் '18650' லித்தியம் செல்லில் 9,900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். அந்த அளவுள்ள செல்லில் 3,600-க்கு மேல் கிடைப்பது அரிது. தராசில் வைத்துப் பாருங்கள்: நல்ல செல் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். மிகவும் லேசாக இருந்தால் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

செத்த பேட்டரியை வீட்டு வாசலில் உடைக்க விடாதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏம்பலம், பாகூர், வில்லியனூர் பகுதி உழவர் உதவியகங்களில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வாக வைத்த லெட்-ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் அளவில் காட்டினால் சார்ஜ் நிற்கிறது. 12-க்குக் கீழே போயிருந்தால் சந்தேகப்பட வேண்டும். பட்டம் தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, உழவர்களின் பேட்டரிகளை அளந்து சொல்லுங்கள். குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையம் தன் பயிற்சிகளில் இதையும் சேர்க்கலாம். மருந்தின் அளவைச் சொல்லித் தருகிற நாம், அதை அடிக்கும் கருவியைக் காப்பதையும் சொல்லித் தர வேண்டும்.

இன்று மாலை பரணிலிருந்து தெளிப்பானை இறக்கி, ஒருமுறை சார்ஜ் போட்டு வையுங்கள்.