சாரமும் உத்தரமும்

வீடு கட்டுவோர் சுவர் எழும்ப எழும்பக் கம்பும் கயிறும் கொண்டு சாரம் கட்டுவர்; வேலை முடிந்ததும் அதனை அவிழ்த்து அகற்றுவர். அகற்றும் ஆர்வத்திற் கூரையைத் தாங்கும் உத்தரத்தையும் கழற்றுவார் உளரோ எனின், கணினி உலகில் உளர் என்றே கூறுவோம்.

மாணவர் ஒருவர், பௌதிகவியற் செயற்றிட்டத்துக்கு வேண்டிய மென்பொருளொன்றை மூலநிரலிலிருந்தே தமது டெபியன் கணினியில் தொகுத்து நிறுவினார். அதன்பொருட்டுத் தொகுப்பான், தலைப்புக் கோப்புகள், நூலகங்கள் எனப் பல பொதிகள் வந்திறங்கின. வன்தட்டு நிறைந்தமை கண்டு, செயற்றிட்டத்தை ஒப்படைப்பதற்கு முதல்நாள் அவற்றை நீக்கினார். எஞ்சியவற்றை 'ஓட்டோரிமூவ்' என்னும் கட்டளையால் துடைத்தார். இடம் கிடைத்தது, ஆயின் மென்பொருள் இயங்க மறுத்தது. முகம் வாடி நம்மிடம் வந்தார்.

நடந்தது யாது? கட்டும்போது மட்டும் வேண்டும் பொதிகள் ஒருவகை. இயங்கும்போதும் வேண்டுவன மற்றொரு வகை. ஜி.எஸ்.எல். என்னும் குனூ விஞ்ஞான நூலகத்தை எடுத்துக்கொள்வோம். பெயரின் ஈற்றில் 'டெவ்' என வரும் பொதியில் தொகுப்பதற்கான தலைப்புக் கோப்புகள் உள்ளன; அது சாரம். அதனோடு துணையாக வந்த நூலகப் பொதியே உத்தரம். டெவ் பொதி நீங்கியதும், நூலகத்தை வேண்டுவார் எவருமிலர் எனப் பொதி முகாமையாளன் முடிவு செய்தது. 'மேக் இன்ஸ்டோல்' கட்டளையால் நிறுவிய மென்பொருள் அதன் கணக்கேட்டில் இடம்பெறாததே காரணம். அந்நூலகத்தைப் பெயர் சொல்லி மீண்டும் நிறுவியதும், நாமே கேட்டுப் பெற்றதாக அது பதிவாயிற்று, மென்பொருளும் எழுந்தது.

இதற்கு மறுதலையான இடரும் உண்டு. டெபியனில் 'பில்ட்-டெப்' கட்டளையால் வருவிக்கும் பொதிகள், வேறு அமைப்புச் செய்யாவிடின், பயனர் தாமே கேட்டவையாகக் குறிக்கப்படும். ஆதலின் ஓட்டோரிமூவ் அவற்றைத் தீண்டாது. அவை ஆண்டுக்கணக்கில் இடத்தை அடைத்துக் கிடக்கும்.

வழி யாது? தொடக்கத்திலேயே ஒரு பெயரின்கீழ்க் கட்டிவைத்தலே வழி. டெபியனின் 'எம்கே-பில்ட்-டெப்ஸ்' என்னும் கருவி, தொகுப்புக்கு வேண்டியவற்றையெல்லாம் ஒரு பொதியின் தேவைகளாக்கித் தரும். அந்த ஒரு பொதியை நீக்கினால் ஏனையவை ஓட்டோரிமூவில் விலகும். அல்பைன் லினக்ஸிலும், 'வேர்ச்சுவல்' என்னும் தெரிவால் ஒரு பெயரிட்டுச் சேர்த்து, அப்பெயராலேயே நீக்கலாம்.

முன்யோசனையின்றி நிறுவிவிட்டோர் என் செய்வது? டெபியனின் பொதிப் பதிவேட்டில் எந்நாளில் எவை வந்தன என்பது எழுதப்பட்டிருக்கும். நீக்குமுன், 'எல்டிடி' கட்டளையால் மென்பொருள் பற்றி நிற்கும் நூலகங்களைக் கண்டு, அவற்றை வைத்திருக்கவேண்டியவை எனக் குறித்துக்கொள்க.

மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: சாரம் கட்டும்போதே அவிழ்க்கும் நாளையும் நினைந்து முடிச்சிடுக, அவிழ்க்கும்போது உத்தரம் எதுவென அறிந்து கைவைக்க.