பழைய நோட்டு: செல்லுமா, செல்லாதா, சேகரிப்புக்கு உரியதா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்து வீடுகளில் முதியவர்களின் பெட்டியைத் திறந்தால், சேலை மடிப்பிலோ பழைய பஞ்சாங்கத்தின் நடுவிலோ சில பழைய ரூபாய் நோட்டுகள் அகப்படுவதுண்டு. சிலர் அவற்றைச் செல்லாதவை என்று கருதி உண்டியலில் சேர்த்துவிடுகின்றனர். வேறு சிலர் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று நம்பி ஏமாறுகின்றனர். பழைய நோட்டின் மதிப்பை அதன் வயது தீர்மானிப்பதில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதே முதற்கேள்வி. அது எத்துணை அரியது என்பது அதற்கு அடுத்ததே.

ஒரு ரூபாய் நோட்டு அச்சிடுவது 1994-லும், இரண்டு ரூபாய் நோட்டு அச்சிடுவது 1995-லும் நிறுத்தப்பட்டன. ஒரு ரூபாய் நோட்டு 2015-இல் மீண்டும் வெளிவந்தது. அச்சு நின்றதால் கைவசமுள்ள நோட்டு செல்லாததாகிவிடவில்லை. பின்புறத்தில் ஆண்டு குறிக்கப்படாத, 2005-க்கு முந்தைய 100 ரூபாய் வரையிலான நோட்டுகளும் சட்டப்படி செல்லுபடியானவையே; அவற்றைத் தம் வங்கிக் கணக்கில் செலுத்தலாம்.

2023 மே 19 அன்று புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவிக்கப்பட்ட 2,000 ரூபாய் நோட்டின் நிலையும் இதுவே. வங்கிக் கிளைகளில் மாற்றும் காலம் 2023 அக்டோபர் 7-உடன் முடிந்தது. ஆயினும் ரிசர்வ் வங்கியின் 19 வெளியீட்டு அலுவலகங்களில் அவை ஏற்கப்படுகின்றன. ஆந்திர மாநிலத்தில் அத்தகைய அலுவலகம் இல்லை. நம் பகுதியினர் சென்னை, பெங்களூரு அல்லது ஐதராபாத் செல்ல வேண்டும். பயணம் இயலாத முதியவர்கள் அஞ்சலகம் வழியாக அனுப்பித் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். இவ்வசதியைப் பலர் அறியார்.

2016 நவம்பர் 8 அன்று மதிப்பிழந்த பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளின் கதை வேறு. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றுக்கு ரிசர்வ் வங்கி பொறுப்பாளி அன்று. ஒருவர் மொத்தம் பத்து நோட்டுகள் வரை வைத்திருக்கலாம். ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் 25 வரை அனுமதி உண்டு. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது அபராதம்.

இந்த நோட்டுகளை உண்டியலில் இடுவதும் பயன் தராது. மதிப்பிழந்த பின்னரும் பக்தர்கள் செலுத்தியதால், திருமலை திருப்பதி தேவஸ்தானத்திடம் சுமார் 50 கோடி ரூபாய் முகமதிப்புள்ள நோட்டுகள் தேங்கின. அவற்றை மாற்றித் தருமாறு 2020 செப்டம்பரில் மத்திய நிதியமைச்சரிடம் தேவஸ்தானம் கோரிக்கை வைக்க நேர்ந்தது. மாற்ற இயலாத தாளைக் காணிக்கையாக்குவது இறைவனுக்கும் உதவாது, அன்னதானத்துக்கும் உதவாது.

சேகரிக்க விரும்புவோர் பழைய நோட்டுகளை எங்கே தேடுவது? வங்கிக் கவுன்டரில் அவை விற்கப்படுவதில்லை. பெருநகரங்களில் நடைபெறும் நாணயக் கண்காட்சிகளும், ரசீது தரும் நம்பகமான விற்பனையாளர்களுமே தக்க இடங்கள். விலை கேட்குமுன் தாளின் தூய்மை, மடிப்பு, கையெழுத்து, வரிசை எண் ஆகியவற்றை நோக்க வேண்டும். கசங்கிய சாதாரண நோட்டுக்குப் பெருவிலை கிடைப்பது அரிது.

டிராக்டர் படமுள்ள ஐந்து ரூபாய்க்கும், 786 எண்ணுள்ள நோட்டுக்கும் இலட்சங்கள் தருவதாக வரும் விளம்பரங்களில் எச்சரிக்கை தேவை. பழைய நோட்டு, நாணய விற்பனைக்கென ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம், கமிஷன், வரி கேட்போர் மோசடிக்காரர்களே என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது. விற்பவரே முன்பணம் கட்டும் வியாபாரம் எங்கும் இல்லை. ஏமாந்தவர்கள் தாமதியாது 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

வங்கியாளர்களாகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு. பழைய நோட்டுடன் வரும் முதியவரை 'செல்லாது' என்ற ஒற்றைச் சொல்லால் திருப்பி அனுப்பலாகாது. அது செலுத்தத்தக்கதா, அஞ்சலில் அனுப்ப வேண்டியதா, நினைவாக வைத்துக்கொள்ள வேண்டியதா என்று விளக்குவதே முறை.

ரூபாய் நோட்டின் பின்புற மொழிப் பட்டியலில் தமிழுக்கு அடுத்த வரி தெலுங்கு. இரு மொழியும் புழங்கும் நம் மாவட்ட வீடுகளில், பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பழைய நோட்டைக் காட்டி அவ்விரு வரிகளையும் படிக்கச் சொல்லலாம். அந்த மதிப்பை எந்த அறிவிப்பாலும் நீக்க முடியாது.