மனுவில் இல்லாதவனுக்கு மானியம் ஏது?



திருவனந்தபுரம் செயலகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் செங்கல்சூளை இருக்கிறது. செயலகக் கட்டிடத்துக்குச் செங்கல் சுட்ட சூளை இருந்த இடம் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1869இல் கட்டிடம் எழுந்தது. சூளை இருந்த இடத்தில் ஏழைகளின் குடிசைகள் எழுந்தன. மாநில சர்க்கார் அந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்துதான் தில்லிக்குத் திட்டம் எழுதி அனுப்புகிறது. அந்தத் தாளில் நமக்கு ஒரு வரி உண்டா என்பதே நம் கேள்வி.

விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பாருங்கள். 2015இல் ஒப்பந்தம், 2025 மே 2இல் பிரதமர் திறந்துவைத்தார். உடனே லாபம் தராத திட்டத்தில் விழும் துண்டை அடைக்க மத்திய சர்க்காரின் பங்கு 817.80 கோடி ரூபாய். மானியமாகக் கேட்ட பணம் கடன்போல வந்தது. துறைமுக வருவாயில் மாநிலத்துக்குக் கிடைக்கும் பங்கில் 20 சதவீதத்தைத் தரவேண்டும் என்றது தில்லி. தூத்துக்குடி வெளித் துறைமுகத்துக்கு இந்த நிபந்தனை இல்லையே என்று கேரளம் வாதாடியது. தூத்துக்குடி மத்திய சர்க்காரின் துறைமுகம். விழிஞ்ஞம் மாநிலத்தின் திட்டம். வாதம் எடுபடவில்லை. 2025 ஏப்ரலில் கையெழுத்துப் போடவேண்டியதாயிற்று.

கேரளம் கேட்டது நியாயம், தயங்காமல் சொல்கிறோம். ஆனால், தில்லியிடம் கேட்கும் நியாயம் செயலக வாசலோடு நின்றுவிடலாமா?

திட்ட அறிக்கையில் கல்லுக்கும் கம்பிக்கும் சிமெண்டுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. விழிஞ்ஞம் அலைதடுப்புச் சுவருக்கு நம் தென்மாவட்டங்களிலிருந்தும் பாறை வந்தது. கொத்தனாரும் சித்தாளும் படுக்கும் இடத்தை மட்டும் காண்ட்ராக்டர் பொறுப்பு என்று தள்ளிவிடுவது வழக்கம். அவர் தகரக் கொட்டகை போடுவார். வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார். பிள்ளையின் பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று!

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். புலம்பெயர்ந்த தொழிலாளருக்கு வாடகை வீடு கட்ட 2020இல் மத்திய சர்க்காரே திட்டம் அறிவித்தது. 2024இல் வந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் வாடகை வீட்டுக்கு இடமுண்டு. மனம் இருந்தால் நடக்கும் என்பதற்குப் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 2019இல் திறந்த 'அப்னா கர்' சாட்சி. ஆனால் அது கட்டில் கணக்கில் தங்கும் விடுதி. குடும்பத்தோடு வந்தவர்களுக்குக் கதவும் அடுப்படியும் உள்ள வீடு வேண்டும்.

2025 நவம்பரில் திருவனந்தபுரம் மெட்ரோ ரயில் வழித்தடத்துக்கு மாநில சர்க்கார் ஒப்புதல் தந்தது. இத்தகைய திட்டம் தில்லியின் அனுமதியும் நிதியும் இல்லாமல் நகராது. ஆகவே நம் கோரிக்கை ஒன்றே: இனி தில்லிக்குப் போகும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் தொழிலாளர் குடும்பக் குடியிருப்புக்குத் தனித் தலைப்பும் தனித் தொகையும் வேண்டும். அஸ்திவாரம் தோண்டிய பிறகு கேட்டால் பட்ஜெட்டில் இடமில்லை என்பார்கள். தாள் எழுதும்போதே கேட்போம். வார்டு கூட்டத்துக்குப் போங்கள். உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள். நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத பிள்ளைக்குத்தான் பால். தில்லியிடம் அதைச் சொல்லும் கேரளம், நம் குரலையும் கேட்கட்டும்!