வானுச்சியின் வறட்சி

வானத்தில் நீர் உண்டு என்பதற்கு மழையும் பனியும் சாட்சி. ஆயினும் முகில்களுக்கு மேலே, பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தையும் கடந்து சென்றால், பாலைவனத்தையும் விஞ்சும் வறட்சியே அங்கு நிலவுகிறது. நம் ஊர்ப் பாடநூல்கள் படைமண்டலம் என்று பெயரிட்ட அப்பகுதியில், காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளுள் நான்கோ ஐந்தோதான் நீராவி. இத்துணைச் சிறிய அளவை எவ்வாறு அளந்தனர், அளந்ததனால் ஆவதென்ன என்பதைக் கலைப் பட்டதாரி ஒருவன் விளங்கிக்கொண்ட அளவில் இவ்வாரம் எழுதுகிறேன்.

தொடக்கம் போர்க்காலத்தது. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானங்கள் தம் பின்னே வெண்கோடுகளை விட்டுச் சென்றன. இயந்திரம் வெளிவிடும் நீராவி கடுங்குளிரில் உறைவதால் தோன்றும் கோடுகள் அவை. விமானம் எங்கே என்பதை எதிரிக்கு அவையே காட்டிக்கொடுத்தன. ஆதலால் மேல்வானின் ஈரப்பதனை அறியும் தேவை பிரித்தானியர்க்கு எழுந்தது. (விமான ஓசை கேட்டதும் பதுங்குகுழி தேடிய நம்மவர்க்கு ஓர் அறிவியல் இவ்வாறு பிறந்தது உவப்பான செய்தியன்று, எனினும் உண்மை அதுவே.) ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டொப்சனும் அலன் புரூவரும் இதற்கென ஒரு கருவியை உருவாக்கினர். பனிக்காலத்தில் நம் வீட்டுச் சாளரக் கண்ணாடியில் உறைபனி பூப்பதைக் காண்கிறோம் அல்லவா? தத்துவம் அதுதான். சிறியதோர் உலோகப் பரப்பைப் படிப்படியாகக் குளிர்விக்க வேண்டும். அதில் உறைபனி அரும்பும் வெப்பநிலையே காற்றிலுள்ள நீராவியின் அளவைச் சொல்லிவிடும். விமானத்துள் அமர்ந்து அதைக் கண்ணால் பார்த்துக் குறித்தனர்.

இங்கிலாந்தின் மேலே அவ்வுயரத்தில் காற்றின் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 50, 60 பாகை. உறைபனி அரும்பவோ ஏறத்தாழ 80 பாகை வரை இறங்க வேண்டியிருந்தது. அவ்வளவு உலர்ந்த காற்று எங்கிருந்து வந்தது? தன் ஈரத்தை உதிர்க்குமளவு குளிர்ந்த இடம் ஒன்றின் வழியாக அது வந்திருத்தல் வேண்டும். அத்தகைய இடம் வெப்பவலயத்தின் மேலே ஏறத்தாழ 17 கிலோமீற்றர் உயரத்தில் உண்டு. காற்று அவ்வழியே ஏறி, ஈரத்தைப் பனிக்கட்டியாகக் கழித்துவிட்டுத் துருவங்களை நோக்கிப் பரவுகிறது என 1949 இல் புரூவர் எழுதினார். பூமியின் பெருங்காற்றோட்டம் ஒன்றை விரலளவு உலோகத்தில் படிந்த பனியைக் கொண்டு உய்த்துணர்ந்தமை என்னை இன்றும் வியக்கவைக்கிறது. மொன்றியலிற் பிறந்த இவர் பின்னாளில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கினார் என்பது கனடாவில் வாழும் நம் பிள்ளைகள் அறியவேண்டியது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் 1980 முதல் பலூன்களில் இத்தகைய கருவிகள் அனுப்பப்பட்டு வருகின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு: பலூன் கீழிருந்து கொண்டுசெல்லும் ஈரமே மேலுள்ள துளி நீராவியை மறைத்துவிடும். ஆகவே கருவியை நீண்ட கயிற்றில் தொங்கவிட்டு, இறங்கும்போது பெறும் அளவையே பெரிதும் நம்புவர். 2010 வரையிலான முப்பது ஆண்டுகளில் நீராவி ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கூடியதாக அப்பதிவு காட்டிற்று. செய்மதிப் பதிவுகளை இணைத்து ஆராய்ந்தோர்க்கு அவ்வுயர்வு தென்படவில்லை. கணினி மாதிரிகளும் அதைத் தரவில்லை. மாதிரிகளின் இடர் எளிதில் விளங்கும்: அக்குளிர் வாயிலின் வெப்பநிலையில் ஒரு பாகை பிழைத்தாலும் உள்ளே செல்லும் நீராவி ஏறக்குறைய ஆறிலொரு பங்கு மாறிவிடும். ஓரிடத்துப் பலூனை உலகம் முழுவதற்கும் சான்றாகக் கொள்வது அரிது என்பதே என் எண்ணம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? நீராவியும் பூமியின் வெப்பத்தைத் தடுத்துவைக்கும். 2000 இற்குப் பின் படைமண்டல நீராவி ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. அடுத்த பத்தாண்டில் புவி வெப்பமுறும் வேகத்தை அது காற்பங்கு தணித்திருக்கும் என்று 2010 இல் சூசன் சொலமனும் குழுவினரும் கணித்தனர்.

2022 சனவரி 15 இல் ரொங்கா நாட்டுக் கடலடி எரிமலை வெடித்தபோது மாதிரிகளுக்கு எவரும் எதிர்பாராத தேர்வு வந்தது. ஏறத்தாழ 15 கோடி தொன் நீர் அந்த வறண்ட வெளிக்குள் ஒரே நாளில் வீசப்பட்டது. 2004 இல் ஏவப்பட்ட ஓறா செய்மதி அதை அளந்தது: அங்கிருந்த மொத்த நீராவியில் பத்திலொரு பங்குக்குச் சமம். குளிர் வாயிலின் வழியே செல்லாமல் நேரே புகுந்த நீர் அது. மழையாகப் பெய்யவும் அங்கு வழியில்லை. 2023 இன் அந்தாட்டிக்கக் குளிர்காலத்தில் அதன் ஒரு பகுதி பனித்துகளாகி மெல்லக் கீழிறங்கியதை ஆய்வாளர் கண்டனர்.