மாதம் பத்துக் கிலோவா, ஒரு கிலோவா?

“பத்தே நாளில் ஐந்து கிலோ! முப்பதே நாளில் பத்துக் கிலோ! பத்தியம் வேண்டாம், பயிற்சி வேண்டாம்!” பஸ் நிலையச் சுவரிலும் செல்போனிலும் இந்தக் கூச்சல் ஓயவில்லை. பொடி விற்கிறார்கள், மாத்திரை விற்கிறார்கள், இடுப்பில் கட்டும் பட்டை விற்கிறார்கள். வாங்குவது யார்? மாளிகைவாசிகள் மட்டும்தானா? இல்லை. சர்க்கரை வியாதிக்குப் பயந்த பஞ்சாலைத் தொழிலாளியும் வாங்குகிறார். மூட்டு வலி தாங்காத விவசாயத் தொழிலாளிப் பெண்ணும் வாங்குகிறார். பல நாள் கூலி போகிறது. எடை போவதில்லை.

உழைக்கிறவனுக்கு ஏது தொந்தி என்று சிலர் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 31 பேரும் ஆண்களில் 28 பேரும் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். 2019-21ல் இது 40, 37 என ஏறிவிட்டது. அதே 2019-21 கணக்கில் 100க்குச் சுமார் 12 பேர் எடை போதாமல் இளைத்தவர்கள்! ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டும் இருக்கின்றன.

இதற்குக் காரணம் தொழிலாளியின் சோம்பலா? அல்லவே அல்ல. அறுவடைக்கு மிஷின் வந்தது. வேலை நாட்கள் சுருங்கின. ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் ஏற்ற சோற்றின் அளவு, வேலையில்லாத மாதங்களிலும் அப்படியே இருக்கிறது. அரிசியும் சர்க்கரையும் மலிவு. பருப்பும் காய்கறியும் பழமும் கிராக்கி. ராத்திரி ஷிப்டு தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் கெட்டால் பசி தாறுமாறாகிறது. நடுநிசியில் கிடைப்பது பரோட்டாவும் வடையும் டீயும்தான். இந்த நிலைமையில் தொழிலாளியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

குற்றம் நம்முடையதல்ல, ஆனால் வியாதி நம் உடம்பில்தான் வருகிறது. ஆகவே செய்ய வேண்டியது என்ன?

கோரிக்கை வைத்துப் போராடிய தொழிலாளிக்கு ஒன்று நன்றாகத் தெரியும். இந்த மாதமே சம்பளத்தை மூன்று மடங்காக்கு என்று இறங்கினால் பத்தாம் நாளே அணி கலையும். வெல்லக் கூடியதைக் கேட்டு, வென்றதைக் காத்து, அடுத்ததைக் கேட்பதுதான் முறை. உடம்பின் விஷயத்திலும் இதே முறைதான்.

மாதம் பத்துக் கிலோ என்று பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கும். இறங்குவதில் பெரும்பகுதி நீர், கொழுப்பல்ல. விளம்பரக்காரன் பிழைப்பது இந்த முதல் வாரத்தில்தான். பிறகு உடம்பு சோர்கிறது, சதை கரைகிறது. வெறும் வயிற்றோடு ஓடும் மிஷின் முன் நின்று மயங்கினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை வெட்டவே கூடாது.

நியாயமான இலக்கு எது? ஆறு மாதத்தில், இருக்கும் எடையில் 100க்கு 5 முதல் 7 பங்கு. 80 கிலோ உள்ளவருக்கு 4 முதல் 5½ கிலோ. அதாவது மாதம் ஒரு கிலோவுக்கும் குறைவு.

இவ்வளவுதானா என்று ஏளனம் செய்ய வேண்டாம். சர்க்கரை வியாதி வரும் நிலையிலிருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2002ல் வெளியாயிற்று. எடையில் 100க்கு 7 பங்கு குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது: இலக்கு இவ்வளவே. வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது! சென்னையில் 531 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2006ல் வந்தது. அங்கே எடை பெரிதாகக் குறையவே இல்லை. ஆனாலும் உணவைத் திருத்தி நடந்தவர்களுக்கு வியாதி வருவது 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆகவே தராசு முள் மட்டும் நீதிபதி அல்ல. இடுப்பளவையும் பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நம் நாட்டு வைத்தியர்கள் வகுத்த எல்லை.

எங்கே தொடங்குவது? டீயில் தொடங்குவோம். நாளைக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 60 கிராம் சர்க்கரை. மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ! ஒரு ஸ்பூனாகக் குறைத்தால், மற்றவை மாறாதிருக்கும்போது, மாதம் சுமார் அரைக் கிலோ கொழுப்புக்கு ஈடான சத்து மிச்சம். பொடி வாங்கப் பணம் வேண்டும். இதற்கு ஒரு பைசா வேண்டாம். அடுத்து, வேலையில்லாத நாளில் சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். அந்த இடத்தில் கீரையும் சுண்டலும் வரட்டும். ராத்திரி ஷிப்டுக்கு வீட்டுச் சாப்பாடே போகட்டும். நாள் முழுதும் நாற்று நடுகிறவருக்குத் தனி நடை தேவையில்லை. ஒரே இடத்தில் நின்று மிஷின் பார்க்கிறவருக்கு அரைமணி நடை அவசியம். போகப்போக எடை இறங்குவது மெதுவாகும். அது தோல்வியல்ல; இறங்கியது ஏறாமலிருப்பதே பெரிய வெற்றி.

ஓர் எச்சரிக்கை: ஒன்றும் செய்யாமலே எடை குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது காச நோயாகவோ சர்க்கரை வியாதியாகவோ இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இது தனி மனிதனின் காரியம் மட்டுமல்ல. கேன்டீனில் டீயோடு சர்க்கரையைக் கலக்காமல் தனியே வைக்கச் சொல்வோம். ராத்திரி ஷிப்டுக்கும் பருப்பும் காயுமுள்ள சாப்பாடு கேட்போம். ரேஷனில் பருப்பு கூடுதலாக வேண்டும் என்போம். 1954ல் வந்த மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் வியாதிப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறதே, இந்தப் புளுகு விளம்பரங்கள் எப்படி நடமாடுகின்றன என்று சர்க்காரைக் கேட்போம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வரும் ஊழியரிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கொள்வோம்.

நம்மிடம் இருக்கும் ஒரே சொத்து உழைக்கும் உடம்பு. அதை முப்பது நாள் வியாபாரிகளிடம் ஒப்படைக்க வேண்டாம். மாதம் ஒரு கிலோவோ, அரைக் கிலோவோ, குறைந்தது குறைந்ததாகவே இருக்கட்டும். அதுவே போதும்.