தொட்டி மீனுக்கு அளந்து போடுவோம்

மதுரையில் புதிதாக மீன் தொட்டி வைத்த வீடுகளில் முதல் மாதம் முடிவதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்து மிதப்பது சகஜம். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். கண் பட்டுவிட்டது என்பார்கள். கடைக்காரர் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்பார்கள். சில சமயம் இதில் ஏதாவது உண்மையாகவும் இருக்கும். ஆனால் முதலில் விசாரிக்க வேண்டியது தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தீனி டப்பாவை. வீட்டிலுள்ள நான்கு பேரும், வந்துபோகும் விருந்தாளியும் ஆளுக்கொரு தரம் கொட்டுகிற தொட்டி எந்தத் தண்ணீரிலும் தாங்காது. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவதைப் புண்ணியமாக நினைக்கிற, சித்திரைத் திருவிழாவில் வழியெல்லாம் அன்னதானப் பந்தல் போடுகிற ஊரில், சோறு போடும் கையைக் குறை சொல்வது சங்கடம்தான். அப்படியும் சொல்லியாக வேண்டும்: தொட்டி மீனின் ஆரோக்கியத்துக்கு முதல் விஷயம் தீனியின் அளவு. எந்தக் கம்பெனித் தீனி என்பதெல்லாம் அப்புறம்.

மீன் குளிர் ரத்தப் பிராணி. உடம்பைச் சூடாக வைத்திருக்க அது நம்மைப்போல் சாப்பாட்டைச் செலவழிப்பதில்லை. வளர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் நூறில் ஒன்றிரண்டு பங்கு உலர்தீனி போதும். குஞ்சுகளுக்குக் கொஞ்சம் கூடுதல். அதற்கு மேல் போவது எங்கே சேர்கிறது? தீனியில் கணிசமான பகுதி புரதம். அதைச் செரித்த மீன், மிஞ்சிய நைட்ரஜனைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்டது அடியில் அழுகி அதுவும் அமோனியாவாகிறது. ஒரு கிராம் தீனிக்குச் சுமார் 30 மில்லிகிராம் அமோனியா என்பது மீன் வளர்ப்பில் புழங்கும் தோராயக் கணக்கு. 30 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். இதில் எவ்வளவு விஷமாக மாறும் என்பதைத் தண்ணீரின் காரமும் சூடும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி சூட்டில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் நூறில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இராது, பி.எச். 8 ஆனால் ஏழு பங்கு. நம் ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் காரமுமானது. வாளியில் படியும் வெள்ளைக் கறையே சாட்சி. வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் கரையும். 35 டிகிரியில் ஏழுக்கும் கீழே இறங்கிவிடும். வயிறு நிறைந்த மீனுக்கோ செரிப்பதற்கே கூடுதல் ஆக்ஸிஜன் வேண்டும். உப்பில்லாத தண்ணீரும் மிதமான வெயிலும் உள்ள ஊரில் தப்பிப் பிழைக்கிற தாராளம் மதுரையில் பிழைக்காது.

ஃபில்டர் ஓடுகிறதே என்று கேட்கலாம். அமோனியாவை மாற்றுவது ஃபில்டரின் மோட்டார் அல்ல, அதன் பஞ்சில் குடியேறும் பாக்டீரியா. புதுத் தொட்டியில் அது பெருகி நிலைபெற ஒரு மாதமாவது ஆகும். மீன்கள் மிதப்பதும் அந்த ஒரு மாதத்தில்தான். அப்போதுதான் புது மீன் வந்த ஆசையில் தீனியும் அதிகமாக விழுகிறது. கண்ணாடிப் பக்கம் ஓடிவந்து வாயைத் திறக்கிறதே, பசிக்காமலா என்பது அடுத்த கேள்வி. கிடைத்தபோது தின்றுவிடுவது மீனின் சுபாவம். ஆள் வந்தால் தீனி விழும் என்பதையும் அது சீக்கிரம் பழகிக்கொள்கிறது. வாயைத் திறப்பதைப் பசிக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: கண்மாய் மீனுக்கு யார் அளந்து போடுகிறார்கள், அது கொழுத்துத்தானே கிடக்கிறது? உண்மைதான். ஆனால் கண்மாயில் பாசியும் நீர்ப்பூச்சியும் கொசுப்புழுவும் தானாக விளைகின்றன. மீன் நாள் முழுக்கத் தேடித்தேடித் துளித்துளியாகத் தின்கிறது. கழிவை ஏற்க ஏக்கர் கணக்கில் சேறும் தண்ணீரும் இருக்கின்றன. தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு வளர்க்கிற பண்ணைக்காரருக்குச் சில மாதங்களில் எடை ஏறினால் போதும். ஹாலில் வைத்த மீன் சில வருடங்கள் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

அளவுக்கு அடுத்தது வாய். வைகை அயிரையைக் கவனித்தவர்களுக்கு இது புரியும்: வாய் கீழ்நோக்கி, சுற்றிலும் மீசை. தரையைத் துழாவித் தின்கிற மீன் அது. குழம்பு வைப்பதற்கு முன் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைப்பது அதனால்தான். கப்பிக்கும் ஃபைட்டருக்கும் வாய் மேல்நோக்கி இருக்கும். மிதக்கிற தீனிதான் அவற்றுக்குத் தோது. ஃபைட்டர் பூச்சி தின்கிற மீன். பொரியும் பிஸ்கட் தூளும் அதற்கு உணவே அல்ல. கோல்டு ஃபிஷுக்கு இரைப்பையே கிடையாது, குடல்தான். ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தோலுரித்து வேகவைத்த பட்டாணி அதற்கு நல்லது. மோலிக்குப் பாசியும் கீரையும் வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி விடுகிற சக்கர் மீன் மற்ற மீன்களின் கழிவைத் தின்று வாழாது. பாசி தீர்ந்ததும் இரவில் ஒரு துண்டு வெள்ளரிக்காய் போடாவிட்டால் பட்டினிதான். ஆஸ்கருக்கு உயிருள்ள கோல்டு ஃபிஷைப் போட்டு வேடிக்கை பார்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. கோல்டு ஃபிஷின் உடலில் தையமினேஸ் என்ற நொதி இருக்கிறது. தொடர்ந்து தின்றால் ஆஸ்கருக்கு பி1 வைட்டமின் பற்றாக்குறை வரும். ஆட்டு, மாட்டு இறைச்சியின் கொழுப்பும் மீனின் ஈரலில்தான் போய்ச் சேரும்.

விலை உயர்ந்த தீனி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யைத் தாமே உண்டாக்கிக்கொள்ள முடியாது. தீனியில் இருந்தே கிடைக்க வேண்டும். குறைந்தால் முதுகெலும்பு வளையும். திறந்த டப்பாவில் சூடும் ஈரக்காற்றும் பட்டால் அந்த வைட்டமின் மாதக்கணக்கில் நிற்காது. ஆகவே மூட்டையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் அள்ளிக் கட்டித் தருகிற தீனியை விட, ஒன்றிரண்டு மாதத்தில் தீர்கிற சின்ன பாக்கெட் மேல். உயிர் உணவு நல்லதுதான்; ஆனால் சாக்கடையில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழு நோயையும் கூட்டிவரும். மீனுக்காக மொட்டைமாடித் தொட்டியில் கொசுப்புழு வளர்ப்பது தெருவுக்கே டெங்குவைக் கூப்பிடுகிற வேலை.

பட்டினி போடுவது பாவம் என்று தயங்குபவர்களுக்கு ஒன்று: வளர்ந்த, நோயில்லாத மீன் சில நாள்கள் தீனி இல்லாமல் சிரமமின்றி இருக்கும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியையும் டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நாளுக்கொரு பொட்டலமாக மடித்துக் கொடுக்கலாம். மற்ற நாள்களில் வேளைக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. வீட்டில் தீனி போடுவது ஒரே ஆளின் பொறுப்பு. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கிற நாளில் ஏர் பம்பும் நின்றுவிடும். நாளிதழில் வரும் மின்தடைப் பட்டியலில் நம் பகுதி இருந்தால், மறுநாள் காலைத் தீனி கிடையாது.