மண்ணுக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று

ஜெர்மனியில் ஆய்வேட்டை ஆங்கிலத்திலேயே எழுதலாம். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அதோடு ஜெர்மனில் ஒரு சுருக்கமும் கேட்கும். வேளாண்மையில் முனைவர் பட்டத்தை முடிக்கப்போகும் பக்கத்து வீட்டுத் தம்பி, போன சனிக்கிழமை அந்த ஒற்றைப் பக்கத்தோடு வந்து நின்றான். "அரைமணி நேர வேலைதான் அக்கா" என்றான். வைத்த காபி இரண்டு தடவை ஆறிப்போனது.

முதல் வரியிலேயே 'சாம்பிள்'. அவன் வயல்களில் மண்ணும் அள்ளியிருக்கிறான். விவசாயிகளிடம் கேள்வித்தாளும் நீட்டியிருக்கிறான். ஆங்கிலத்தில் இரண்டுமே சாம்பிள்தான். ஜெர்மன் விடாது. குப்பியில் அடைத்த மண் 'ப்ரோபெ'. ஊரார் சார்பில் பதில் சொன்ன விவசாயிகள் 'ஷ்டிஹ்ப்ரோபெ'. இந்தச் சொல் உலோகம் உருக்கும் பட்டறையிலிருந்து வந்தது. உலையைக் குத்தித் திறக்கையில் வழியும் குழம்பில் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். குத்தி எடுத்த அந்தச் சோதனைதான் பிறகு புள்ளியியலுக்குப் போயிற்று. நாம் சோற்றுப் பானையில் பார்த்த பதத்தை அவர்கள் உலோக உலையில் பார்த்திருக்கிறார்கள்.

சில இடங்கள் சுலபமாகக் கடந்தன. 'இந்தத் துறையில் மேலும் ஆய்வு தேவை' என்று எல்லோரும் கடைசியில் எழுதும் வாக்கியத்தின் பாரத்தை 'ஃபோர்ஷுங்ஸ்பெடார்ஃப்' என்ற ஒரே சொல் சுமக்கும். விளைச்சல் எக்டேருக்கு 1,250 கிலோ என்றிருந்ததில் காற்புள்ளியை எடுத்து முற்றுப்புள்ளி வைத்தோம். அங்கே தசமத்துக்குத்தான் காற்புள்ளி. அப்படியே விட்டிருந்தால் ஒன்றேகால் கிலோ ஆகியிருக்கும்.

மாட்டிக்கொண்டது 'எவிடன்ஸ்' என்ற இடத்தில். தம்பி ஒலியை நம்பி 'எவிடென்ட்ஸ்' என்று தட்டியிருந்தான். மருத்துவத்தில் இன்று அந்தச் சொல் ஆங்கிலப் பொருளிலும் புழங்குகிறது. ஆனால் ஜெர்மனில் அதன் பழைய பொருள், கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்போமே, அந்த வெளிப்படைத்தன்மை. நிரூபிக்கவே வேண்டாத விஷயத்துக்கு நான்கு வருட ஆய்வு எதற்கு?

தாளின் ஓரத்தில் மூன்று சொற்களை எழுதிக் காட்டினேன். 'ஹின்வைஸ்' என்றால் அறிகுறி. 'பெலேக்' என்றால் ஆதாரம். 'பெவைஸ்' என்றால் மறுக்க முடியாத நிரூபணம்.

"உன்னிடம் இருப்பது எது?"

"பெவைஸ் இல்லை அக்கா. பெலேக் போடலாமா?"

"எத்தனை பருவம் பார்த்தாய்?"

"ரெண்டு."

"இரண்டிலும் ஒரே முடிவா?"

அகராதியை மூடிவிட்டுத் தன் வயல் குறிப்பேட்டைப் புரட்ட ஆரம்பித்தான். இரண்டாம் வருடம் மழை பிந்தியதையும், நாற்பது வயல்களில் பதினொன்று ஒத்துவராததையும் அவன் வாயாலேயே சொன்னான். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஹின்வைஸ்" என்று அவனே எழுதிக்கொண்டான்.

ஞாயிறு காலை மாடிப்படியில் பார்த்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சுருக்கம் முடிந்ததா என்று கேட்டேன்.

"அது நேத்தே முடிஞ்சுது அக்கா. ராத்திரி பூரா ஆங்கிலத்தைத் திருத்திக்கிட்டிருந்தேன்."